டிஸ்க்கில் இடம் எவ்வளவு: ஸ்கிரிப்ட் காட்டும் எண்ணில் சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது

இந்த ஃபோல்டர் இருக்கும் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்க சர்வர் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் பல இரவுகள் கண் விழித்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால் பெரும்பாலும் எண் தவறாக இருக்காது. நாம் நினைத்த டிஸ்க்கைப் பற்றிக் கேட்காமல் வேறொரு டிஸ்க்கைப் பற்றிக் கேட்டிருப்போம், அல்லது நாம் நினைத்த பயனராக இல்லாமல் வேறொரு பயனராகக் கேட்டிருப்போம்.

கீழே உள்ளவை அதிகமும் பிஎச்பியையும் லினக்ஸையும் வைத்து எழுதியவை. பைத்தானில் ஷட்டில் மாட்யூலின் டிஸ்க்_யூசேஜ் (3.3 முதல் இருக்கிறது), நோட் ஜேஎஸ்ஸில் ஸ்டாட்எஃப்எஸ் (18.15 முதல்) என்று பெயர் மாறினாலும் லினக்ஸில் எல்லாம் கடைசியில் கெர்னலிடம் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. அதனால் அறிகுறிகளும் பெரும்பாலும் ஒன்றுதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, ஸ்கிரிப்ட் எந்தப் பயனராக ஓடுகிறது. இரண்டு, டிஎஃப் கட்டளைக்கு (டிஸ்க்கின் இடத்தைக் காட்டுவது) அதே பாதையைக் கொடுத்தால், கடைசி நெடுவரிசையில் எந்த மவுண்ட் (டிஸ்க் இணைக்கப்பட்டிருக்கும் ஃபோல்டர்) வருகிறது. இந்த இரண்டு நிமிடம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

## அறிகுறி: எண் 0 என்று வருகிறது, அல்லது எதுவுமே வருவதில்லை

டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பதறி எதையும் அழிக்காதீர்கள். பிஎச்பியின் டிஸ்க்_ஃப்ரீ_ஸ்பேஸ் தோற்றுப்போனால் ஃபால்ஸ் என்று திருப்பித் தரும். அதை 1024ஆல் வகுத்தால் 0 ஆகிவிடும். நான் பார்த்த ஒரு சர்வரில் நள்ளிரவில் "மிச்சம் 0 ஜிபி" என்று எச்சரிக்கை போயிருக்கிறது, பணியில் இருந்தவர் ஒரு மாத லாக் ஃபைல்களை அழித்துவிட்டார். டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது. முந்தின நாள் யாரோ ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். அழிந்த லாக்குகள் அழிந்தவைதான்.

அதனால் வகுப்பதற்கு முன்பே, விடை ஃபால்ஸா என்று மூன்று சமக்குறி போட்டு ஒப்பிடுங்கள். ஃபால்ஸ் என்றால் "தெரியவில்லை" என்று காட்டுங்கள், 0 என்று காட்டாதீர்கள். அப்புறம் காரணம் தேடுங்கள், இந்த வரிசையில்:

பாதை தவறு. எழுத்துப்பிழை, பெயர் மாறிய ஃபோல்டர், அல்லது ஃபோல்டருக்குப் பதிலாக ஃபைலைக் கொடுத்தது. ஃபைலைக் கொடுத்தால் சில இடங்களில் சரியாக ஓடும், சில இடங்களில் ஓடாது. எப்போதும் ஃபோல்டரையே கொடுங்கள். சார்புப் பாதை கொடுத்திருந்தால் அது கிரானில் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட்டுவது) ஓடும்போது வேறு இடத்தைக் குறிக்கும், எனவே உச்சி ஃபோல்டரான ரூட்டிலிருந்து முழுப் பாதை எழுதுங்கள். வின்டோஸ் என்றால் டிரைவ் எழுத்துக்கும் முக்காற்புள்ளிக்கும் (:) பிறகு ஒரு சாய்கோடும் போடுவது நல்லது. பின்சாய்கோடு போட்டால் மேற்கோளுக்குள் இரண்டு போடுங்கள், அல்லது முன்சாய்கோடே போட்டுவிடுங்கள், அதுவும் ஓடும்.

அனுமதி. அந்த ஃபோல்டருக்குப் போகும் வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஸ்கிரிப்ட்டின் பயனருக்கு நுழையும் அனுமதி இருக்க வேண்டும். ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகிப் பயனராக) நீங்கள் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். சூடோ மூலம் வெப்சர்வரின் பயனராக மாறி டிஎஃப் ஓட்டிப் பாருங்கள்.

ஓபன்_பேஸ்டிர் தடை. பிஎச்பி எந்த ஃபோல்டர்களைத் தாண்டக் கூடாது என்று அமைப்பில் எழுதியிருப்பார்கள். எரர் லாக்கில் அந்தப் பெயரே வரும். உங்கள் வெப்சைட் ஃபோல்டரையே பாதையாகக் கொடுங்கள். அது இருக்கும் டிஸ்க்கைப் பற்றி அறிய அதுவே போதும்.

ஃபங்ஷனையே முடக்கியிருப்பது. பிஎச்பி 8 என்றால் இப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அதற்கு முந்தைய பதிப்புகளில் பாதுகாப்புக்காக முடக்கப்பட்டது என்று எச்சரிக்கை மட்டும் வரும். அழைப்பதற்கு முன் ஃபங்ஷன்_எக்ஸிஸ்ட்ஸ் வைத்துப் பாருங்கள். வெப்பில் முடக்கியிருந்தும் கட்டளை வரியில் ஓடலாம், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு ஐஎன்ஐ ஃபைலை (பிஎச்பியின் அமைப்பு ஃபைல்) படிக்கின்றன. பகிர்வு ஹோஸ்டிங்கில் இதற்கு மேல் உங்களால் எதுவும் செய்ய முடியாது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

## அறிகுறி: எண் வருகிறது, ஆனால் வேறெதனுடனும் ஒத்துப்போகவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், எனவே வித்தியாசம் எவ்வளவு என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். வித்தியாசத்தின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும்.

சுமார் 7 சதவீத வித்தியாசம். அலகுதான் காரணம். 500 ஜிபி என்று விற்ற டிஸ்க் 1000ஆல் எண்ணியது. 1024ஆல் வகுத்தால் 465.66 தான் வரும். டிஎஃப் சிறிய எச் ஆப்ஷனோடு 1024ஆலும், பெரிய எச் ஆப்ஷனோடு 1000ஆலும் எண்ணும். எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஸ்கிரிப்ட் முழுக்க ஒன்றையே வையுங்கள். சேமிக்கும்போது பைட்டாகவே சேமித்து, காட்டும்போது மட்டும் மாற்றுவது நல்லது.

சுமார் 5 சதவீதம். லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) இயல்பாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. ஸ்கிரிப்ட்டுக்கு வரும் மிச்சக் கணக்கில் அது சேராது, மொத்தக் கணக்கில் சேரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: மொத்தம் 100 ஜிபி, பயன்படுத்தியது 60. ரூட்டுக்கு 5 போக ஸ்கிரிப்ட்டுக்கு வரும் மிச்சம் 35. மொத்தத்திலிருந்து மிச்சத்தைக் கழித்து, பயன்படுத்தியது 65 என்று நீங்கள் காட்டுவீர்கள். டிஎஃப் 60 என்று காட்டும். சதவீதம் கேட்டாலோ டிஎஃப் 60ஐ 95ஆல் வகுத்து, மேல்நோக்கி முழுமையாக்கி 64 என்று சொல்லும், நீங்கள் 65 என்று சொல்வீர்கள். இரண்டுமே பொய் இல்லை. டிஎஃப்புடன் ஒத்துப்போக வேண்டும் என்றால் பைத்தானின் டிஸ்க்_யூசேஜ் தரும் பயன்பாட்டு எண்ணை எடுங்கள், அது ஒதுக்கீட்டைப் பயன்பாடாக எண்ணாது. டேட்டா மட்டும் வைக்கும் பெரிய டிஸ்க்குகளில் இந்த ஒதுக்கீட்டை டியூன்2எஃப்எஸ் மூலம் 1 சதவீதமாகக் குறைக்கலாம். சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில் கை வைக்காதீர்கள், எல்லாம் நிறைந்த நாளில் உள்ளே நுழைந்து சரிசெய்ய அந்த 5 சதவீதம்தான் உதவும்.

எண் முற்றிலும் வேறு. நீங்கள் நினைத்த டிஸ்க் அங்கே மவுண்ட் ஆகவே இல்லை என்பதை முதலில் சந்தேகியுங்கள். பேக்கப்புக்கென்று தனி டிஸ்க் வைத்து, அதை ஒரு ஃபோல்டரில் மவுண்ட் செய்திருப்போம். சர்வர் ரீஸ்டார்ட் ஆகும், டிஸ்க் மவுண்ட் ஆகாமல் போகும், ஃபோல்டர் மட்டும் அப்படியே இருக்கும். ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரைக் கேட்கும், எண்ணும் வரும், பிழையே வராது. அது ரூட் டிஸ்க்கின் எண். பேக்கப்பும் பிழையில்லாமல் ஓடி, ரூட் டிஸ்க்கிலேயே எழுதி, அதை நிறைத்து, இரண்டு நாளில் டேட்டாபேஸை நிறுத்தும். இதை நான் மூன்று முறையாவது பார்த்திருக்கிறேன். எழுதும் முன் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதியுங்கள், அல்லது அந்த ஃபோல்டரின் டிவைஸ் எண்ணும் அதன் மேல் ஃபோல்டரின் டிவைஸ் எண்ணும் வேறு வேறா என்று ஸ்டாட் மூலம் பாருங்கள். ஒன்றாக இருந்தால் மவுண்ட் இல்லை, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எண் நம்ப முடியாத அளவு பெரியது. பகிர்வு ஹோஸ்டிங்கில் உங்களுக்கு 10 ஜிபி ஒதுக்கியிருப்பார்கள், ஸ்கிரிப்ட் 3 டிபி மிச்சம் என்று சொல்லும். அது அந்த சர்வரின் டிஸ்க் முழுவதும். உங்கள் கோட்டா இந்த ஃபங்ஷனுக்கு பெரும்பாலும் தெரியாது. கோட்டா கட்டளை கிடைத்தால் அதை ஓட்டுங்கள், இல்லையென்றால் ஹோஸ்டிங் பேனலின் எண்ணைத்தான் நம்ப வேண்டும். கன்டெய்னருக்குள்ளும் இதே கதைதான்: டாக்கருக்குள் ரூட்டைக் கேட்டால் வருவது பொதுவாக வெளியே உள்ள ஹோஸ்ட் டிஸ்க்கின் எண்.

டிஸ்க்கைப் பெரிதாக்கிய பிறகும் பழைய எண்ணே வருகிறது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் டிஸ்க் பெரிதாகவும் டிஎஃப்பில் சிறிதாகவும் தெரிந்தால், டிஸ்க் வளர்ந்தது, பார்ட்டிஷனோ ஃபைல்சிஸ்டமோ வளரவில்லை. பார்ட்டிஷனை வளர்த்த பின் இஎக்ஸ்டி4க்கு ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ். பார்ட்டிஷன் மாற்றியமைத்துப் பழக்கம் இல்லையென்றால் இங்கே பழகியவரைக் கூப்பிடுங்கள், பேக்கப் இல்லாமல் தொடாதீர்கள்.

## அறிகுறி: இடம் இருக்கிறது என்று வருகிறது, ஆனால் எழுத முடியவில்லை

டிவைஸில் இடம் இல்லை என்று எரர் (அதன் எண் 28), ஸ்கிரிப்ட்டோ 40 ஜிபி மிச்சம் என்கிறது.

முதலில் டிஎஃப் கட்டளையை ஐ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். இடம் இருந்தும் ஐநோடு (ஃபைலின் விவரங்களை வைக்கும் பதிவு) தீர்ந்திருக்கலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு வேண்டும். இஎக்ஸ்டி4இல் அந்த எண்ணிக்கை ஃபார்மட் செய்த அன்றே முடிவாகிவிடுகிறது, இயல்பாக 16384 பைட்டுக்கு ஒன்று. 100 ஜிபி டிஸ்க்கில் ஏறக்குறைய 65 லட்சம். ஒரு கிலோபைட்கூட இல்லாத குட்டி ஃபைல்கள் குவிந்தால் இடம் மிச்சமிருக்கும்போதே இது காலியாகும். டிஸ்க்_ஃப்ரீ_ஸ்பேஸ் ஐநோடு பற்றி வாயே திறக்காது. பைத்தான் என்றால் ஓஎஸ் மாட்யூலின் ஸ்டாட்விஎஃப்எஸ் அந்த எண்ணையும் சேர்த்தே தரும், இரண்டையும் கண்காணியுங்கள்.

குவிவது எங்கே? நான் முதலில் தேடுவது செஷன் ஃபோல்டரை (வெப்சைட்டுக்கு வருபவர்களுக்காகப் பிஎச்பி வைக்கும் குட்டி ஃபைல்கள் இருக்கும் இடம்). டெபியன், உபுண்டுவில் பழைய செஷன்களைப் பிஎச்பி தானாகக் கழிப்பதில்லை. சிஸ்டத்தின் ஒரு தனி வேலை வந்து, ஐஎன்ஐ அமைப்பில் உள்ள ஃபோல்டரைத்தான் சுத்தம் செய்யும். நீங்கள் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே செஷன் ஃபோல்டரை வேறிடத்துக்கு மாற்றியிருந்தால் அந்த ஃபோல்டரை யாரும் பெருக்கமாட்டார்கள், வருடக்கணக்கில் சேரும். அடுத்து கேஷ் ஃபோல்டர், அப்புறம் போகாமல் தங்கிய மெயில் வரிசை. அழிக்கும்போது நட்சத்திரக்குறி போட்டு ஆர்எம் கொடுத்தால் பட்டியல் நீளம் தாங்காமல் மறுத்துவிடும். ஃபைண்ட் கட்டளையில், இத்தனை நாளுக்கு முந்தியவை என்று வரம்பு போட்டு, டிலீட் ஆப்ஷனோடு அழியுங்கள். முதல் முறை டிலீட் இல்லாமல் ஓட்டி எதெல்லாம் சிக்குகிறது என்று பார்த்துவிட்டு.

ஐநோடும் இருக்கிறதா? அப்படியென்றால் எழுதும் இடமும் கேட்ட இடமும் ஒன்றா என்று பாருங்கள். அப்லோடு ஆகும் ஃபைல் முதலில் தற்காலிக ஃபோல்டருக்குப் போகும். அது நினைவகத்தில் இருக்கும் சிறிய டெம்ப்எஃப்எஸ்ஸாக இருக்கலாம், நீங்கள் கேட்டதோ பெரிய டேட்டா டிஸ்க்கை. அப்லோடு எரர் எண் 7 வந்தால் எழுத முடியவில்லை என்று பொருள், 6 என்றால் தற்காலிக ஃபோல்டரே இல்லை. இரண்டு ஃபோல்டரையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

இன்னொன்று: இடம் இருக்கிறதா என்று கேட்ட நொடிக்கும் எழுதும் நொடிக்கும் நடுவில் வேறொருவர் எழுதியிருக்கலாம். முன்கூட்டிக் கேட்பது ஒரு மரியாதைக்குத்தான், எழுதியபின் வரும் விடையைப் பார்ப்பதே உண்மையான சோதனை. ஃபைல்_புட்_கன்டென்ட்ஸ் பாதி எழுதி நின்றால் இத்தனை பைட்டில் இத்தனைதான் எழுதினேன் என்று எச்சரித்து ஃபால்ஸ் தரும். அதைப் பார்க்காமல் விட்டால் பாதி ஃபைலை முழு ஃபைல் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, முழுமையாக முடிந்தால் மட்டும் பெயர் மாற்றுங்கள்.

இதெல்லாம் சரி என்றால் மிச்சமிருப்பவை செலவு வைப்பவை. எல்விஎம்மில் (டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் முறை) தின் பூல் (தேவைப்படும்போது மட்டும் இடம் தரும் பொதுத் தொகுப்பு) வைத்திருந்தால் ஃபைல்சிஸ்டம் காலி என்று சொல்லும், அடியில் பூல் நிறைந்திருக்கும்; எல்விஎஸ் கட்டளையின் டேட்டா சதவீதத்தைப் பாருங்கள். ஃபைல்சிஸ்டம் பிடிஆர்எஃப்எஸ் என்றால் டிஎஃப்பை விட்டுவிட்டு அதன் சொந்த யூசேஜ் கட்டளையைப் பாருங்கள், மெட்டாடேட்டா பகுதி நிறைந்திருக்கக்கூடும். பூல் நிறைந்த நிலையில் சர்வரை ரீஸ்டார்ட் செய்து பார்ப்போம் என்று இறங்காதீர்கள். ஸ்டோரேஜ் தெரிந்தவரை அப்போதே அழையுங்கள்.

## அறிகுறி: ஃபைல்களை அழித்தேன், எண் ஏறவே இல்லை

ஃபைல் அழிந்தது, ஆனால் அதைத் திறந்து வைத்திருந்த புரோகிராம் இன்னும் விடவில்லை. அது விடும்வரை இடம் திரும்பாது. டியூ கட்டளை கண்ணில் படும் ஃபைல்களைக் கூட்டி 20 ஜிபி என்று சொல்லும், டிஎஃப் பயன்படுத்தியது 55 என்று சொல்லும். இந்த இடைவெளிதான் அடையாளம். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 சேர்த்து ரூட்டாக ஓட்டினால் எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று வரிசையாக வரும். பெரும்பாலும் லாக் ஃபைலும் வெப்சர்வரும்தான். அந்த சர்வீஸை மட்டும் ரீலோட் அல்லது ரீஸ்டார்ட் செய்தால் எண் அந்த நொடியே ஏறும். அடுத்த முறை, ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை அழிக்காமல் ட்ரன்கேட் கட்டளையால் 0 பைட்டாக்குங்கள்.

எல்எஸ்ஓஎஃப்பில் ஒன்றும் இல்லையென்றால், மவுண்ட்டுக்கு அடியில் மறைந்த ஃபைல்கள் இருக்கலாம். மேலே சொன்ன பேக்கப் கதையின் மிச்சம் அது: மவுண்ட் இல்லாத நாளில் எழுதியவை, டிஸ்க் திரும்ப மவுண்ட் ஆனதும் அதற்கடியில் புதைந்துவிடும். ரூட் டிஸ்க்கை வேறொரு ஃபோல்டரிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து அங்கே டியூ ஓட்டினால் தெரியும். ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது) எடுக்கும் ஃபைல்சிஸ்டம் என்றால் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

டேட்டாபேஸ் ஃபோல்டரில் பெரிதாகத் தெரியும் ஃபைல்களைக் கையால் அழிக்க மட்டும் போகாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் பைனரி லாக்கை அதன் பர்ஜ் கட்டளையால்தான் குறைக்க வேண்டும். போஸ்ட்கிரஸின் பிஜி_வால் ஃபோல்டர் (மாற்றங்களை முன்கூட்டி எழுதும் லாக்) வீங்கியிருந்தால், யாரும் படிக்காமல் விட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வருக்காக அந்த லாக்கைப் பிடித்து வைப்பது) இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஃபைல்களை அழித்தால் டேட்டாபேஸ் எழாமலே போகலாம். இங்கே சந்தேகம் இருந்தால் டேட்டாபேஸ் தெரிந்தவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

## அறிகுறி: ஸ்கிரிப்ட் அந்த வரியில் அப்படியே தொங்குகிறது

நெட்வொர்க் மவுண்ட்தான். நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைத் தரும் என்எஃப்எஸ் சர்வர் பதில் சொல்லாவிட்டால் கேட்டவர் காத்துக்கொண்டே இருப்பார். பிஎச்பியின் நேர வரம்பு இதைக் காப்பாற்றாது, லினக்ஸில் அந்த வரம்பு பொதுவாகக் கெர்னலின் விடைக்காகக் காத்திருக்கும் நேரத்தை எண்ணுவதில்லை. ஒவ்வொரு பக்கத் திறப்பும் ஒரு வொர்க்கரை (பக்கங்களை ஓட்டும் புரோகிராம்) தொங்கவிடும், சில நிமிடத்தில் வெப்சைட் முழுதும் நிற்கும்.

சோதிக்க, டைம்அவுட் கட்டளைக்குள் டிஎஃப்பை வைத்து 5 நொடி கொடுங்கள். எல் ஆப்ஷனோடு டிஎஃப் உடனே வந்து, அது இல்லாமல் தொங்கினால் உறுதி. நிரந்தரத் தீர்வு, பக்கத்துக்குள் கேட்பதை நிறுத்துவது. கிரானில் தனி ஸ்கிரிப்ட் சில நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு எண்ணையும் நேரத்தையும் ஒரு குட்டி ஃபைலில் எழுதட்டும், பக்கம் அதைப் படிக்கட்டும். அந்தக் குட்டி ஃபைலை நினைவகத்தில் இருக்கும் ரன் ஃபோல்டரில் வையுங்கள், டிஸ்க் நிறைந்த நாளில் அதுவும் எழுத முடியாமல் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நேரம் பழையதாக இருந்தால் "தெரியவில்லை" என்று காட்டுங்கள்.

## அறிகுறி: கையால் ஓட்டினால் சரி, கிரானிலோ வெப்பிலோ தவறு

டிஎஃப்பின் வெளியீட்டை வெட்டி எண் எடுக்கும் ஸ்கிரிப்ட்டுகளில் இது வரும். நீளமான டிவைஸ் பெயர் வந்தால் பழைய டிஎஃப் வரியை உடைத்துவிடும், நெடுவரிசைகள் நகர்ந்து வேறு எண்ணை எடுப்பீர்கள். பெரிய பி ஆப்ஷன் போட்டால் ஒரே வரியில் வரும். அதோடு கே ஆப்ஷனும் போட்டு அலகைக் கட்டிப்போடுங்கள். தலைப்பு வரியின் சொல்லைத் தேடுகிறீர்கள் என்றால் மொழி அமைப்பையும் சி என்று வையுங்கள். அவுட்புட் ஆப்ஷன் சௌகரியம்தான், ஆனால் பிஸிபாக்ஸ் (கட்டளைகளின் சுருக்கத் தொகுப்பு) வைத்திருக்கும் ஆல்பைன் கன்டெய்னரில் அது கிடையாது. முடிந்தால் வெட்டுவதையே விட்டுவிட்டு ஃபங்ஷனைக் கேளுங்கள்.

டெம்ப் ஃபோல்டர் மட்டும் வேறாகத் தெரிந்தால், சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி அந்த சர்வீஸுக்குத் தனி டெம்ப் கொடுத்திருக்கும். வின்டோஸில் உங்களுக்குத் தெரியும் நெட்வொர்க் டிரைவ் எழுத்து சர்வீஸ் கணக்குக்குத் தெரியாது, முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள்.

## அறிகுறி: எச்சரிக்கை ஓயாமல் வருகிறது, அல்லது வர வேண்டிய நாளில் வரவில்லை

சதவீதம் மட்டும் வைத்திருந்தால் இப்படித்தான். 90 சதவீதம் நிறைந்தது என்றால் மிச்சம் 20 ஜிபி டிஸ்க்கில் 2 ஜிபி, 4 டிபி டிஸ்க்கில் 400 ஜிபி. மிச்சம் இத்தனை ஜிபிக்குக் கீழே என்று இன்னொரு வரம்பும் சேருங்கள். 90இல் ஒலித்தால் 85க்கு இறங்கியபின் அடங்கட்டும், நடுவில் திரும்பத் திரும்ப அலற வேண்டாம். வராமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் மெயில் வரிசையே அதே நிறைந்த டிஸ்க்கில் இருப்பது. எச்சரிக்கையை வேறொரு சர்வர் வந்து கேட்டுப் போகும்படி வையுங்கள்.

## அறிகுறி: எண் சரி, இடமும் இருக்கிறது, ஆனால் டிஸ்க் படிக்க மட்டும் விடுகிறது

இதில் நீங்கள் செய்ய வேண்டிய சோதனை இரண்டே. கெர்னலின் டிமெசேஜ் லாக்கில் ஐஓ எரர் (படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) இருக்கிறதா பாருங்கள். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி, மாற்றி ஒதுக்கிய செக்டர், நிலுவையில் உள்ள செக்டர் என்ற இரு வரிகளில் 0 தவிர வேறு எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் திரும்ப எழுதும் நிலைக்கு மவுண்ட் செய்யாதீர்கள், மவுண்ட் ஆன டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சரிசெய்யும் கட்டளை) ஓட்டாதீர்கள். படிக்க முடிகிற இந்த நேரத்தில் முக்கியமான டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், எடுத்துக்கொண்டிருக்கும்போதே டேட்டா மீட்பவரை அழையுங்கள்.